பத்து எண்ணுவதற்குள்

எபன் ஹாலெட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் அவனுடைய மெடல்களில்தான் ஆரம்பிப்பார்கள். மெடலாம் மெடல்! வீட்டு ஜன்னல் காற்றில் ஆடாமல் இருக்க அந்த மெடல் பெட்டியைத்தான் முட்டுக்கொடுத்து வைத்திருந்தான் அந்த மனுஷன். பத்து வருஷம் அவனோடு ஒரே டாங்கியில் வெந்தவன் நான். முன்னால் நான் ஓட்டுவேன், எனக்குப் பின்னால் மேலே அவன் வயர்லெஸ்ஸோடு உட்கார்ந்திருப்பான். எஞ்சின் போடும் சத்தத்தில் காது எதற்கு ஆகும்? வலது தோளில் உதைத்தால் வலப்பக்கம், இடது தோளில் உதைத்தால் இடப்பக்கம், நடு முதுகில் உதைத்தால் நில். எபனுடைய பூட்ஸை என்னைவிட நன்றாக அறிந்தவர் இருந்தால் அது அவன் மனைவி வின்னிதான், அவள்தான் அதற்குப் பாலிஷ் போடுவாள்.

ஆள் பார்க்க ஒன்றுமே இல்லை. ஒட்டிய கன்னம், கொஞ்சம் தூக்கலான காது, இங்கிலாந்தின் டார்செட் பக்கத்துப் பால்வண்டிக்காரர் மகன் என்று நெற்றியில் எழுதி ஒட்டியதுபோல ஒரு முகம். பேச்சும் குறைவு. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும், உத்தரவுக்கென்று நின்று காத்திருக்கக்கூடாது என்பதில், பிடித்த பிடி விடமாட்டான். அதற்குக் காரணம் என்னவென்று எனக்கு நாங்கள் ஒன்றுசேர்ந்து ஏழு வருஷம் கழித்துத்தான் சொன்னான், அதுவும் பாவிங்டன் முகாமில் இரண்டு பேரும் டாங்கியின் சங்கிலிப் பட்டையைக் கழற்றிப்போட்டு சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது.

"ரூபன், முன்னூத்திப் பன்னெண்டு வரைக்கும் எண்ணினேன்டா" என்றான் திடீரென்று.

"எதை? ஆட்டையா?"

"சும்மா எண்ணினேன்."

அவன் சொன்னது இது. முதல் உலகப்போர், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் வருஷம் ஆகஸ்ட் மாதம், பிரான்சில். நான்கு டாங்கிகள் வரிசையாகப் போகின்றன. அந்தக் காலத்தில் வயர்லெஸ் ஏது? கையசைப்பு, கொடி, கூண்டில் இரண்டு புறா, அவ்வளவுதான். நான்கிற்கும் தலைவரான இளம் அதிகாரி கையில் ஒரு பிரம்போடு முன்னால் நடந்துபோவார். பிரம்பால் தரையைக் குத்திப் பார்ப்பார், கெட்டியாக இருந்தால் வா என்று கைகாட்டுவார். ஒரு கோதுமை வயல் ஓரத்தில் அவரைச் சுட்டுவிட்டார்கள். பின்னால் வந்த நான்கு டாங்கிகளும் அப்படியே நின்றன. எஞ்சின் ஓடுகிறது, பீரங்கி இருக்கிறது, குண்டு இருக்கிறது, ஆளும் இருக்கிறார்கள். போவதா, திரும்புவதா என்று சொல்ல மட்டும் ஆள் இல்லை. உத்தரவுக்குக் காத்திருந்தார்கள். எபன் மூன்றாவது டாங்கியில் இருந்தான். பயத்தை அடக்க ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்திருக்கிறான். எதிரி ஒரு பீரங்கியைத் தள்ளிக்கொண்டு வந்து நிதானமாக வைத்து முதல் டாங்கியை அடித்தான், பிறகு இரண்டாவதை அடித்தான். முன்னூற்றுப் பன்னிரண்டில் இவனுடையதை அடித்தான். உள்ளே எட்டுப் பேர். வெளியே வந்தது இவன் ஒருத்தன்.

"குண்டு கொல்லலடா அவங்கள" என்றான் எபன், சங்கிலியைச் சுரண்டிக்கொண்டே. "காத்திருந்தது கொன்னுது. அஞ்சு நிமிஷம்! அஞ்சு நிமிஷத்துல நாங்க எங்கயோ போயிருக்கலாம்."

கிண்டலடிக்கத் திறந்த வாயை மூடிக்கொண்டு நானும் சேற்றைச் சுரண்டினேன்.

பிறகு எங்கள் டாங்கிகளில் வயர்லெஸ் வந்தது. பெரிய அதிகாரிகளுக்கெல்லாம் ஒரே குஷி. ஒரு தலைவர் ஒரு டாங்கியில் உட்கார்ந்து பேசினால் முப்பது டாங்கியும் ஓர் உடம்புபோலத் திரும்புமாம். குதிரைப்படை வேகத்தில் போகலாம், எதிரியின் முன்பக்கத்தோடு மல்லுக்கட்டாமல் சுற்றிக்கொண்டு முதுகுக்குப் பின்னால் போய் நிற்கலாமாம். காகிதத்தில் பிரமாதமாகத்தான் இருந்தது. எபன் மட்டும் ஒரே கேள்வியைக் கேட்டான்.

"தலைவர் செத்துட்டா?"

அதிகாரிகள், ஒரு சார்ஜென்டுக்கு எதற்கு இந்த விசாரம் என்று பார்த்தார்கள். எங்கள் பட்டாளத்தின் கர்னல் பென்ரோஸ் மட்டும் மீசையைத் தடவிக்கொண்டு, "சரி, நீயே ஒரு வழி சொல்லு, ஹாலெட்" என்றார்.

எபன் சொன்ன வழி இதுதான். தலைவர் பேசுவது எல்லோர் காதிலும் விழவேண்டும், உளவு பார்க்க முன்னால் போகிறவன் பேசுவதும் எல்லோர் காதிலும் விழவேண்டும். எல்லாவற்றையும் எல்லோரும் அறிந்திருந்தால் யார் வேண்டுமானாலும் தலைவராகலாம். தலைவர் டாங்கி முதல் எண். அதைக் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் பத்து எண்ணிவிட்டு இரண்டாம் எண் தலைமையை எடுத்துக்கொள்ளவேண்டும். அவனும் பேசாவிட்டால் இருபதில் மூன்றாம் எண். முப்பதில் நான்காம் எண். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பயிற்சிக்கு டாங்கி கிடைப்பது குதிரைக்கொம்பு, பெட்ரோல் கொடுக்க அழுவார்கள். அதனால் எபன் சைக்கிளில் ஆரம்பித்தான். ஆகா, அந்தக் கூத்தைப் பார்த்திருக்க வேண்டும்! பதினாறு தடிமாடுகள் முதுகில் எண் எழுதிய அட்டையோடு புதர்க்காட்டில் சைக்கிள் மிதிக்கிறோம். எபன் முன்னால் போய்க்கொண்டே தகரக்குழலில் கத்துவான். திடீரென்று சைக்கிளைப் போட்டுவிட்டு மண்ணில் மல்லாந்து படுத்துக்கொள்வான். செத்துவிட்டானாம்! முதல்நாள் ஒருத்தன் பதறிப்போய் டாக்டரைக் கூட்டிவந்துவிட்டான். வேலியோரம் போன குதிரைப்படைக்காரர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஏம்பா, சர்க்கஸ் எந்த ஊருக்குப் போகுது?" என்று ஒருத்தன் கத்தினான்.

"உன் குதிரைக்கு வேலை போன ஊருக்கு!" என்று திருப்பிக் கொடுத்தவன் ஜேபஸ் ஆர்ச்சர்ட்.

ஜேபஸைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. சிவந்த தலை, பெரிய வாய், கேன்டீனில் அவன் இருந்தால் யாருக்கும் படுக்கப் போக மனசு வராது. எபனுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. காரணம் டீ. எங்கள் பட்டாளத்தில் ஒரு பழக்கம் இருந்தது. போர்ப் பயிற்சியில் நடுவர் வந்து "நீ செத்தாச்சு" என்று சொல்லிவிட்டால், செத்தவன் எஞ்சினை அணைத்துவிட்டு முதல் காரியமாக அடுப்பு மூட்டுவான். அதுவரை சரி. பக்கத்து டாங்கிக்காரனுக்கு வாசனை எட்டும். அவனும் நிறுத்துவான். ஒருத்தன் செத்தால் ஆறு பேர் டீ குடிப்பார்கள். இதில் முதல் ஆள் ஜேபஸ்.

"செத்தவனுக்கு டீ குடிக்க உரிமை இல்லையா சார்ஜென்ட்? பாவம், வேற என்ன சுகம் கண்டான்?" என்பான்.

"அவன் குடிக்கலாம். நீ ஏன்டா நின்னே?"

"துக்கம் விசாரிக்க சார்ஜென்ட்."

எபன் அடுப்பை ஒரு உதை விட்டான். டீ மண்ணில் ஓடியது. "உன் பக்கத்துல இருக்கறவன் செத்தா நீ ஓடணும். நிக்கக்கூடாது, அழக்கூடாது, டீ குடிக்கக்கூடாது. ஓடணும்!" அன்றைக்கு அவன் குரல் கொஞ்சம் உடைந்தது. ஜேபஸ் சிரிப்பை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தான். அதற்குப் பிறகு சைக்கிள் பயிற்சிக்கு முதலில் வந்து நிற்பவன் அவன்தான். இரண்டே வருஷத்தில் சார்ஜென்டாகி ஒரு டாங்கிக்குத் தலைவனும் ஆனான். வாய் மட்டும் அப்படியே இருந்தது.

செப்டம்பரில் சாலிஸ்பரி சமவெளியில் பெரிய பயிற்சி வந்தது. லண்டனிலிருந்து ஜெனரல்கள் வந்து குன்றின்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அன்றைக்குச் சரியாக வந்தால் ராணுவத்தின் ஒவ்வொரு டாங்கிக்கும் வயர்லெஸ். சொதப்பினால் எங்கள் முப்பதில் இருப்பதையும் கழற்றி ஸ்டோரில் போட்டுவிட்டு மறுபடி கொடிதான். எபனையும் லாரி ஷெட்டுக்கு மாற்றிவிடுவார்கள், அதுவும் முடிவாகியிருந்தது. லாரி ஷெட்டைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. மறுபடி கொடி என்பதை நினைத்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

விடிந்ததும் பார்த்தால் மூடுபனி. என் கையே எனக்குத் தெரியவில்லை. கொடியாக இருந்தால் அன்றைக்குப் பயிற்சியே கிடையாது, வீட்டுக்குப் போகவேண்டியதுதான். வயர்லெஸ் இருந்ததால் கிளம்பினோம். முப்பது டாங்கிகள் ஒன்றையொன்று பார்க்காமல் போகின்றன, முதல் எண்ணான எங்கள் டாங்கியில் ஏறியிருந்த கர்னல் பென்ரோஸின் குரல் மட்டும் எல்லார் காதிலும். எபனுடைய பூட்ஸ் என் தோளில் பதமாக விழுந்துகொண்டிருந்தது. எனக்கே சொல்லப் பெருமையாக இருக்கிறது, ஒரு தடவைகூட நான் தடம் மாறவில்லை.

திட்டம் லேசானது. ஒரு பழைய களஞ்சியம் வரும். அங்கே இடது பக்கம் திரும்பி குன்றைச் சுற்றினால் எதிரியின் முதுகு. திரும்பாமல் நேரே போனால் எதிரிப் பீரங்கிகளின் வாய். முன்னால் போன உளவு டாங்கி இடப்பக்கம் காலி என்று உறுதி சொன்னதும் கர்னல் திரும்பச் சொல்வார். களஞ்சியத்துக்கு இன்னும் ஐந்து நிமிஷம்.

அப்போதுதான் எங்கள் தலையில் இடி விழுந்தது. எங்களைச் சுற்றி மட்டும் பனி சட்டென்று விலகியது. பார்த்தால் இருபது கஜத்தில் ஒருத்தன் பச்சைக்கொடி பிடித்துக்கொண்டு நிற்கிறான். பயிற்சியில் பச்சைக்கொடி என்றால் எதிரிப் பீரங்கி. கையில் வெள்ளைத்துணி கட்டிய நடுவர் மேஜர் குதிரையில் தட்தட்டென்று வந்து சாட்டையால் எங்கள் டாங்கியின் தலையில் தட்டினார். ஒரு குதிரைக்காரன் கையால் சாவு, கேட்டுக்கொள்ளுங்கள்!

"வணக்கம் கர்னல். நீங்க செத்தாச்சு. எஞ்சினை நிறுத்துங்க. வயர்லெஸ்ல ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"காதுல கேட்டுக்கலாமா சார்?" என்றான் எபன்.

மேஜர் யோசித்தார். "செத்தவங்க என்ன கேக்கறாங்கன்னு எனக்குத் தெரியாது. பேசறதில்லைன்னு மட்டும் தெரியும்" என்று சொல்லிவிட்டு, அடுத்தவனைக் கொல்லப் பனிக்குள் போய்விட்டார்.

நாங்கள் வெளியே இறங்கினோம். எபன் நீண்ட கம்பியோடு ஹெட்போனைக் காதில் மாட்டியபடியே டாங்கியின் ஓரத்தில் உட்கார்ந்தான். ஒரு காதுக் குமிழை வெளிப்பக்கம் திருப்பிப் பிடித்தான், நானும் கர்னலும் காதை ஒட்டிக்கொண்டோம். உளவு டாங்கியின் குரல் வந்தது. "முதல் எண், இடப்பக்கம் காலி. திரும்பலாமா? முதல் எண், கேக்குதா?"

கர்னலுக்கு முகம் வெளிறிவிட்டது. "ஹாலெட், மைக்கை எடு. ஒரே வார்த்தை. 'இடது'ன்னு சொல்லு, போதும்."

"நாம செத்தாச்சு சார்."

"அந்த ஆள் போயாச்சுய்யா! எவன் பாக்கறான்?"

"உத்தரவுன்னு சொல்லுங்க சார், சொல்றேன்" என்றான் எபன். "ஆனா நாளைக்கு நெஜமா செத்தப்பறம் பேச முடியாது. இப்ப நாம பேசிட்டா, இவங்களால முடியும்னு நெனச்சு எல்லா டாங்கிக்கும் வயர்லெஸ் குடுப்பாங்க. முடியாதுன்னா அது இன்னிக்கே தெரியணும் சார்."

கர்னல் அவனை முறைத்தார். பிறகு தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்துக்கொண்டு, "எண்ணு" என்றார்.

எபன் கைக்கடிகாரத்தைப் பார்த்து வாய்விட்டு எண்ணினான். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. இரண்டாம் எண் மேஜர் ட்ரெஹெர்ன் பேசவேண்டும். சத்தமே இல்லை. அவருடைய செட்டில் பேசும் பகுதி மட்டும் கருகிவிட்டது என்று பிற்பாடு தெரிந்தது. பதினைந்து, பதினாறு. இருபது. மூன்றாம் எண் ஒரு கேப்டன், நல்ல குடும்பத்துப் பிள்ளை. செட் நன்றாக இருந்தது, எல்லாம் காதில் விழுந்தது. ஆனால் தன்னைவிடப் பெரியவர் ட்ரெஹெர்ன் இருக்கும்போது முந்திக்கொண்டு எப்படிப் பேசுவது என்று மரியாதைக்குக் காத்திருந்தாராம்! டீக்கு மருந்து கண்டுபிடித்த எபன் இந்த மரியாதைக்கு மருந்து கண்டுபிடிக்கவில்லை. எங்கள் நாட்டில் ஒரு வாசலில் இரண்டு பேர் வந்தால் "நீங்க முதல்ல", "இல்ல நீங்க" என்று அரைமணி நேரம் நிற்பார்கள். போர்க்களத்திலும் அதுவேதான்.

இருபத்தைந்து. பனிக்குள் மற்ற எஞ்சின்களின் உறுமல் நேரே போய்க்கொண்டிருந்தது. எபனுடைய உதடு வெளுத்திருந்தது. அவன் சாலிஸ்பரியில் இல்லை, அந்தக் கோதுமை வயலில் இருந்தான். எனக்கு அது தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். அவன் தோளில் கை வைக்கலாமா என்று நினைத்தேன், தைரியம் வரவில்லை.

"இருபத்தெட்டு. இருபத்தொம்பது. முப்…"

"நாலாம் எண் பேசறேன்!" ஜேபஸின் குரல் காதைப் பிளந்தது. "முதல் எண் செத்துட்டார், ரெண்டும் மூணும் பேசக் காணோம். தலைமை என்கிட்ட. எல்லாரும் களஞ்சியத்துல இடது திரும்புங்க. எவனாவது டீக்கு நின்னீங்க, தோலை உரிச்சுடுவேன்!"

கர்னல் மூச்சை விட்டார். நாங்கள் பனிக்குள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். நேரே போய்க்கொண்டிருந்த சத்தம் மெல்ல வளைந்தது. இடது பக்கம், இன்னும் இடது பக்கம், குன்றுக்குப் பின்னால். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. எபன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. கர்னல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தம் மீசையோடு ரொம்ப மும்முரமாகிவிட்டார்.

அரைமணி கழித்து மறுபடி ஜேபஸ். "நாலாம் எண். எதிரித் தளபதி கூடாரத்து வாசல்ல நிக்கறோம். அவர் கையில ரொட்டி, மீசையில ஆரஞ்சு ஜாம். என்ன செய்யட்டும்?"

வயர்லெஸ்ஸில் கிண்டல் பேசியதற்காக ஜேபஸுக்கு மூன்று நாள் தண்டனை கிடைத்தது. எல்லா டாங்கிக்கும் வயர்லெஸ்ஸும் கிடைத்தது. எபனை லாரி ஷெட்டுக்கு அனுப்பவில்லை, பயிற்சிப் பள்ளியில் வைத்துக்கொண்டார்கள். ஏழு வருஷம் எண்ணூறு பேருக்கு மேல் அந்தப் பத்து எண்ணிக்கையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வுபெற்றான். டாங்கிப் போரைப் பற்றிப் புத்தகம் எழுதிய பெரிய மனிதர்களின் பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். எண்ணக் கற்றுக்கொடுத்தவன் பெயர் எங்களுக்குத்தான் தெரியும், எனக்கு அதில் இன்றைக்கும் வயிற்றெரிச்சல் உண்டு.

பிறகு நிஜப் போர் வந்தது. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஜேபஸ் கேப்டன், பன்னிரண்டு டாங்கிகளுக்குத் தலைவன். நானும் அதற்குள் ஒரு டாங்கிக்குத் தலைவன், அவனுக்கு இரண்டாம் எண். ஒருநாள் காலை புழுதிக்குள் போய்க்கொண்டிருந்தோம். "எல்லாரும் வலப்பக்கம் அந்த மேட்டை…" என்று ஜேபஸ் பேசிக்கொண்டிருந்தான். பாதியில் நின்றது. அவன் இருந்த திசையில் கறுப்புப் புகை எழுந்தது.

போர் முடிந்து ஊருக்கு வந்ததும் நான் முதலில் போனது எபன் வீட்டுக்குத்தான். வின்னி கதவைத் திறந்தாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். எபன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். காது இன்னும் தூக்கலாகத் தெரிந்தது. ஜேபஸ் போன செய்தி அவனுக்கு முன்பே கடிதத்தில் வந்திருந்தது. எப்படிச் செத்தான், வலித்ததா, எங்கே புதைத்தீர்கள், எதையும் அவன் கேட்கவில்லை.

"எத்தனை எண்ணினே?" என்றான்.

"நாலு."

"பத்து இல்லையா?"

"பத்து வரைக்கும் எண்ண மனசு வரலடா. நாலுல தலைமையை எடுத்துட்டேன். பதினோரு டாங்கி திரும்பி வந்துது."

"நாலு" என்றான் எபன். இன்னொரு தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கவே இல்லை. சிரிக்கவும் செய்தான். நானும் அழுதேன், அதிலென்ன வெட்கம்.

வின்னி டீ கொண்டுவந்தாள், மூன்று கோப்பை. எபன் எழுந்துபோய் அலமாரியிலிருந்து நான்காவது கோப்பையை எடுத்துவந்து, தானே ஊற்றி, பாலும் சர்க்கரையும் தாராளமாகப் போட்டு, காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தான்.

"நீ நிக்காம ஓடிட்டே, அது போதும்" என்றான் என்னிடம். "அவன் குடிக்கட்டும். அவனுக்கு உரிமை இருக்கு."